காய்ச்சல் என்று சொல்ல மறுத்த எங்கள் அம்மா

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். தம்பியைப் பற்றி இதில் எழுத வேண்டாம் என்று பெரியவர்கள் சிலர் கேட்டுக்கொண்டார்கள். எழுதாவிட்டால் இது அம்மாவின் மலராக இருக்காது.

அம்மா பிறந்தது சிந்தாதிரிப்பேட்டையில். மணமாகித் திருவான்மியூர் வந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, தி.நகரில் ஒரு துணிக்கடையின் பட்டுப் பிரிவில் பகலெல்லாம் நின்றபடி வேலை பார்த்து எங்கள் இருவரையும் வளர்த்தார்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கையில் தம்பி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அதற்கு முன் பல வாரங்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, நண்பர்களிடமும் பேசவில்லை. அம்மா போய்க் கேட்டபோது, பரீட்சை முடிந்தால் சரியாகிவிடும் என்றார் வகுப்பாசிரியர். வயசுக் கோளாறு என்றார் பெரியப்பா. மருத்துவரிடம் காட்டச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவன் போன மறுநாளே, விஷக்காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என எல்லோரும் ஒரே குரலில் முடிவெடுத்தார்கள். பிள்ளை உயிரோடு தவித்தபோது இந்த ஒற்றுமை எங்கே போயிருந்தது?

காரியத்தன்று உறவுகள் கூடியிருந்த கூடத்தில் அம்மா எழுந்து நின்றார்.

"காய்ச்சல் இல்ல. எம்புள்ள மனசு நொந்து அவனே உயிரை விட்டுட்டான். உங்க வூட்டுப் புள்ளைங்க இப்படிச் சுருண்டு கெடந்தா, டாக்டராண்ட இட்டுக்கினு போங்க."

பாதிப் பேர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். என் கல்யாணப் பேச்சு முறிந்ததற்கும் அம்மாவின் வாய்தான் காரணம் என்றார்கள். அம்மா ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, கீழ்வீட்டில் பிளஸ் டூ படித்த பெண், தன் பேட்மிண்டன் மட்டையை என்னிடம் கொடுத்து, இனிமேல் தனக்கு வேண்டாம் என்றாள். அதை யாரையும் தொடவிடாதவள் அவள். விஷயம் தெரிந்ததும் அம்மா அவளை அருகில் உட்கார வைத்து, நேராகவே கேட்டார்.

"செத்துடலாம்னு தோணுதா கண்ணு?"

அவள் அழுதுகொண்டே ஆமென்று தலையாட்டினாள். கேட்டுக் கேட்டு இல்லாததை மனதில் ஏற்றுவதாக அவளுடைய தாய் சத்தம் போட்டார்.

"கேட்டா வராதும்மா. கேக்காமதான் நான் ஒருத்தனை வாரிக் குடுத்துட்டு நிக்கறேன்," என்றார் அம்மா.

மருத்துவரைப் பார்க்கும்வரை அவளைத் தனியே விடவில்லை. தாயையும் மகளையும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். பல மாதங்கள் கூடவே போய்வந்தார். இன்று அவள் பிசியோதெரபி படிக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

சிறுநீரகம் பழுதாகி அம்மா படுத்திருந்தபோது முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், முறைவைத்துச் சோறு கொண்டுவந்த துணிக்கடைத் தோழியருக்கும் எங்கள் நன்றி. மானம் போயிற்று என்று படியேறாமல் இருந்துவிட்டு, இறுதிச் சடங்கில் முதல் வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை. உங்கள் வீட்டில் வாடியிருக்கும் பிள்ளையிடம் இன்றே போய்ப் பேசுங்கள், அது போதும்.

அம்மாவின் இறுதிச் சடங்கன்று கீழ்வீட்டுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எல்லாரும் மார்க்கைக் கேட்டாங்கக்கா. ஆன்ட்டிதான் என்னைக் கேட்டாங்க."