எழுந்திருக்காத ஆலோசகர்

நாற்காலிக்காரருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்பார் அவருடைய அக்கா. தச்சுப்பட்டறை முதலாளி, ஊரில் பாதி வீடுகளுக்கு நாற்காலி செய்து கொடுத்தவர். அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் தான் செய்த எதிலும் ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரைப் பிடித்து அரசாங்கம் ஆலோசனைச் சபையில் உட்கார வைத்தது. வேடிக்கைதான், போங்கள்.

சபையில் உள்ளூர்க்காரர்கள் ஆறு பேர். ஆளுநர் கடல் தாண்டி வந்தவர். இவர்கள் ஆலோசனை சொல்லலாம். அவர் கேட்டாலும் கேட்கலாம், தள்ளினாலும் தள்ளலாம். ஆனால் ஒருவர் மறுத்தாலும், ஏன் தள்ளினேன் என்று கடலுக்கு அப்பாலுள்ள மேலிடத்துக்கு அவர் விளக்கம் எழுத வேண்டும். பதில் வரும்வரை காரியம் நிற்கும். அந்தத் தொல்லை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. சம்மதிப்பவர்கள் எழுந்து நிற்பது சபை வழக்கம். தீர்மானத்தைப் படித்து முடித்ததும் ஆளுநரே முதலில் எழுவார். பெரிய மனிதர் எழுந்தபின் யார் உட்கார்ந்திருப்பார்கள்? அத்தனை பேரும் எழுவார்கள். ஏகமனதாக நிறைவேறிவிடும். அந்த ஆறு பேரில் நம்மவர்தான் எப்போதும் முந்திக்கொள்வார். பாவம், இடுப்பு கடுத்திருக்கும்.

அன்றைய தீர்மானம் தோல் பதனிடும் தெருவைப் பற்றியது. சிப்பாய்களுக்குக் குடியிருப்பு கட்ட அந்தத் தெருவையே இடிக்க வேண்டுமாம். அங்கேதான் அக்கா இருந்தார், தாயில்லாத தம்பியை ஆளாக்கிய அதே இரண்டு அறை வீட்டில்.

ஆளுநர் எழுந்தார். மற்ற ஐந்து பேரும் எழுந்தார்கள். நாற்காலிக்காரரின் முழங்கால் தானாகவே கிளம்பியது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துத் தன்னைத்தானே அழுத்திக்கொண்டார். வியர்த்துக் கொட்டியது. பயம்தான், வேறென்ன? பட்டறைக்கு வரும் வேலையில் பாதி அரசாங்க வேலை. ஆளுநர் இவரையே பார்த்தார். இவர் எழவில்லை.

மறுநாள் அரசாங்க டாக்டர் பட்டறைக்கே வந்து நின்றார், கூடவே சபையில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி.

"நேத்து உங்களுக்குக் கால் வலி, அதான் எந்திரிக்கல. டாக்டர் அப்படித்தான் எழுதப்போறாரு," என்றார் துபாஷி, குரலைத் தணித்து. "நீங்க சும்மா தலையாட்டினா போதும். பதவியும் இருக்கும், தொழிலும் நடக்கும்."

"கால் வலின்னு எழுதிட்டா அது மறுப்புல சேராதில்ல?"

"சேராது."

"தெருவ இடிச்சிருவாங்க."

துபாஷி பேனாவை எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

நாற்காலிக்காரர் வேலை மேசைமேல் ஏறினார். தொம்மென்று கீழே குதித்தார். பட்டறையைச் சுற்றி ஓடினார், மரத்தூள் பறக்க. இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்த ஆட்கள் வாயைப் பிளந்தார்கள்.

"காலு ரெண்டும் கல்லு மாதிரி இருக்குன்னு எழுதச் சொல்லுங்க. மனசு ஒப்பல, அதான் எந்திரிக்கல. அதையும் எழுதட்டும்!"

இத்தனை பேர் பார்த்தபின் டாக்டரால் பொய் எழுத முடியவில்லை. பையை மூடிக்கொண்டு கிளம்பினார். மாலைக்குள் பதவி போன செய்தி வந்தது. அரசாங்க வேலையும் போயிற்று. ஆனால் சொன்ன மறுப்பை அழிக்க வழியில்லை. மேலிடத்துப் பதில் வரும்வரை தெருவில் கடப்பாரை விழாது.

அக்கா வீட்டுக்குப் போய்க் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மேலிடம் என்ன சொல்லுமோ? பட்டறை ஆட்களுக்கு என்ன பதில் சொல்வது?

"கொஞ்சம் உட்காருடா. பாக்கிற எனக்குத் தலை சுத்துது."

"முடியலக்கா. நேத்து ஒரு தடவ உட்கார்ந்தேன். அதுக்கே உசுரு போய் உசுரு வந்துச்சு."

அக்கா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார், தன் சொந்த வீட்டில், இப்போதைக்கு.