களப்பில் ஊறிய தும்பு

மண்வீட்டை நான் எப்போதும் இழிவாகவே நினைத்தேன். சீமெந்து பூசாத சுவரைக் கண்டால் வீட்டுக்காரரையே ஒரு படி இறக்கி வைக்கும் கூட்டம் நாங்கள். மன்னாரிலிருந்து வெறுங்கையோடு துரத்தப்பட்டு வந்து, தில்லையடி அகதி முகாமில் தென்னங்கிடுகுக் கொட்டிலில் கிடந்தவர்கள்தாம். அதனால் அடக்கம் வரவில்லை. சீமெந்துத் திமிர்தான் வந்தது. இரசாயனவியல் படிப்பித்த எனக்கு அது இன்னும் கூடுதல்.

சீமெந்து விலை ஏறியபோது, விதவையான என் தங்கை, தன் மகளுக்காக ஓர் அறையை மண்கல்லில் கட்டப் புறப்பட்டாள். பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது எங்கள் வழக்கம். அறை இல்லையென்றால் மாப்பிள்ளை இல்லை. தென்னந்தும்பை நறுக்கி மண்ணோடு குழைத்தால் கல் வெடிக்காது என்று பயிற்சி வகுப்பொன்றில் கேட்டு வந்திருந்தாள்.

“ஆட்டுக் கொட்டிலா கட்டுறாய்?” என்றேன்.

“தும்பு மலிவா கெடச்சது நானா. நீங்க படிச்ச ஆள், பாத்துச் சொல்லுங்க” என்று அண்ணனான என் கையில் ஒரு பிடி தந்தாள்.

ஓர் இழையை நாக்கில் வைத்தேன். கரித்தது. கடலோரக் களப்பின் உப்புத் தண்ணீரில் தேங்காய் மட்டையை ஊறப்போட்டு அடித்த தும்பு. நல்ல தண்ணீரில் அலசாமல் கலந்தால் அந்த உப்பு ஈரத்தோடு வெளியே பூத்துக் கல்லை உதிர்த்துவிடும்.

“நல்ல தும்பு” என்றேன்.

சுவர் உதிர வேண்டும், மண்வீட்டை நான் இகழ்ந்ததுதான் சரி என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவு கேவலமான ஆசை.

மாரி மழைக்குப் பிறகு அடிவரிசைக் கற்கள் வெள்ளையாய்ப் பூத்தன. பேசி வைத்திருந்த மாப்பிள்ளையின் உம்மா வந்து விரலால் சுரண்டினாள், பொலபொலவென்று கொட்டியது.

“இதென்ன சம்மந்தி, இடியப்பத்துக்கு மாவா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். “பெருநாள் வரைக்கும் பாப்பம். பொறகு நாங்க வேற எடம் பாக்குற” என்று சொல்லிப் போனாள்.

தங்கை சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நாந்தான் அளவு பிழையா கொழச்சிட்டன் நானா.”

என் சிரிப்பு எனக்கே அருவருத்தது. உண்மையைச் சொன்னேன்.

“நாக்குல வெச்சப்பவே தெரியுமா?”

“ஓம்.”

அவள் அழவில்லை. “படிச்ச நாக்கு” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் புதுத் தும்பை என் கிணற்றடியில் கொண்டு வந்து கொட்டினாள்.

“அலசுங்க. பெருநாளுக்கு முந்தி சுவர் எழும்போணும். உப்புப் போயிட்டெண்டு நீங்க சொல்ல வாணாம். நானே நாக்குல வெச்சுப் பாக்குறன்.”