வெறுங்காலோடு மேட்டுக்கு

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு, மழைக்காலம் ஓய்ந்திருந்த சமயத்தில்தான் சுகுணா டீச்சர் மெஹர்பானுவை முதன்முதலாகச் சந்தித்தார். சௌல்தாரிப் பள்ளியில் அன்று சுனாமி ஒத்திகை. மணி அடித்ததும் பிள்ளைகள் பின்புறத்துப் பாக்குத்தோட்ட மேட்டுக்கு ஓட வேண்டும். அவர்களோ வகுப்பு வாசலில் குவிந்து, அவரவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்க்கடையிலிருந்து ஒரு பெண்மணி விரைந்து வந்தார்.

“டீச்சரம்மா, செருப்பு போட விடாதீங்க! ஜல்தி ஓடச் சொல்லுங்க!”

“முள்ளு குத்தினா நீங்களா எடுப்பீங்க, மாமி?” என்றாள் அஸ்ரின் என்னும் வாயாடி.

“எடுக்கிறேன்டி, நீ முதல்ல ஓடு!”

சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த ஒத்திகையிலிருந்து ஊக்கும் தேங்காயெண்ணெயுமாக மெஹர்பானு மேட்டில் அமர்ந்து, ஏறி வந்த பிள்ளைகளின் பாதங்களை மடியில் ஏந்திக்கொண்டார்.

அவர் முன்பு ஹட்பே என்னும் கடலோர ஊரில் வாழ்ந்தவர் என்பதைச் சுகுணா பிறகே அறிந்தார். இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் நிலம் குலுங்கியபோது, அவருடைய மகன் தமீம் மதரஸாவில் இருந்தான். மற்றவர்களோடு வெறுங்காலோடு மேட்டுக்கு ஓடியவன், பாதி வழியில் திரும்பினான். நோன்புப் பெருநாளுக்கு வாங்கிய செருப்பு வாசலிலேயே கிடந்தது. அதை எடுக்கப் போனவனைக் கடல் கொண்டுபோயிற்று. அதற்கு மேல் மெஹர்பானு எதுவும் சொன்னதில்லை, சுகுணாவும் கேட்டதில்லை.

ஆண்டுகள் செல்லச் செல்ல, பிள்ளைகள் மணியோசை கேட்டதும் திரும்பிப் பாராமல் ஓடப் பழகினார்கள். ஆனால், சென்ற ஆண்டு ஒத்திகை முடிந்த மாலையில், விஜயகுமாரி என்பவள் பள்ளி வாசலிலேயே தன் மகளின் முதுகில் அறைந்தாள்.

“புதுச் செருப்புடி! வாசல்ல விட்டு ஓடி, ஒண்ணைத் தொலைச்சிட்டு வந்து நிக்கிறே!”

“இனிமே மாட்டிக்கிட்டுத்தான் ஓடுவேன், அம்மா,” என்று விம்மினாள் சிறுமி.

கடை வாசலில் நின்ற மெஹர்பானுவின் முகம் வெளிறிப்போயிற்று. கடையைச் சாத்திவிட்டு நடந்தார்.

சில மாதங்களில் நுரையீரல் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. பார்க்கச் சென்ற சுகுணா, மேட்டில் பிள்ளைகள் அவரைத் தேடுவதாகச் சொன்னார். கணவர் காதர் தலையணையைச் சற்றே உயர்த்திவைத்தார்.

“பசங்களுக்குச் சொன்னது போதும், டீச்சரம்மா,” என்றார் மெஹர்பானு, மூச்சுக்கு நடுவே. “தமீம் அந்தச் செருப்புக்கு முன்னாடி ஒரு ஜோடியைத் தொலைச்சப்ப, நான் அடிச்சேன். அந்தப் பயத்துலதான் திரும்பிப் போனான். இந்தப் பசங்களோட அம்மாமாரைக் கூப்பிடுங்க. செருப்பு போனா போகட்டும், பிள்ளையை ஏசாதீங்கன்னு சொல்லுங்க.”