கரண்ட்டுக்கு ஓட்டெடுப்பு

பிராக்டிகல் பரீட்சை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் லேப்பில் அழுகைச் சத்தம் கேட்டது. 2002-ல், பெரம்பலூரில் ஒரு தனியார் பாலிடெக்னிக். அரியலூரில் லெக்சரராக இருந்த நான் அங்கே எக்ஸ்டர்னல் எக்ஸாமினராகப் போயிருந்தேன். அழுதவள் கலைவாணி, செட்டிகுளத்துப் பெண். அவள் வரைந்த சர்க்யூட் படத்தின் குறுக்கே அந்தக் காலேஜின் இன்டர்னல் எக்ஸாமினர் சிவநேசன் சிவப்புக் கோடு போட்டு, முட்டை மார்க் வைத்திருந்தார். அவள் இணைத்த எல்.இ.டி.யோ பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"என்ன சார் தப்பு?" என்றேன்.

"அம்புக்குறியப் பாருங்க. மைனஸ்லேர்ந்து பிளஸ்ஸுக்குப் போட்டிருக்கா."

"பக்கத்துல எலக்ட்ரான் ஓட்டம்னு எழுதியிருக்காளே?"

"அது அந்த பாலு சொல்லிக்குடுத்தது. நான் ஒத்துக்க மாட்டேன்."

பாலு அதே டிபார்ட்மென்டில் தியரி எடுப்பவர். எலக்ட்ரான் மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்கு ஓடுகிறது. அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே கரண்ட் பிளஸ்ஸிலிருந்து போவதாக வைத்துக்கொண்டார்கள். அந்த வழக்கம் நிலைத்துவிட்டது; அதற்குப் பெயர் கன்வென்ஷனல் கரண்ட். எதைக் குறிக்கிறோம் என்று சொல்லிவிட்டால் இரண்டு அம்பும் சரி. இவ்வளவுதான் விஷயம். இதற்காக இந்த இரண்டு மேதைகளும் ஸ்டாஃப் ரூமில் முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்தார்கள்.

"கன்வென்ஷனல் கரண்ட் எப்படிம்மா போவும்?" என்று கலைவாணியைக் கேட்டேன். எதிர்ப்பக்கம் அம்பு போட்டுக் காட்டினாள்.

"ரெண்டும் தெரியும் சார். பாலு சார்கிட்ட ஒண்ணு எழுதணும், இவருகிட்ட ஒண்ணு எழுதணும். பயத்துல மாத்திட்டேன்."

முழு மார்க் போட்டேன். சிவநேசன் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட மறுத்து, காலேஜை நடத்தும் கரஸ்பாண்டன்டிடம் ஓடினார். அவர் அரிசி மில் முதலாளி.

"இதுக்கா சண்டை? வாத்தியாருங்கள எல்லாம் கூப்பிட்டுக் கையத் தூக்கச் சொல்லுங்க. மெஜாரிட்டி எந்தப் பக்கமோ, நம்ம காலேஜ்ல கரண்ட் அந்தப் பக்கம் போவட்டும்."

தூக்கினார்கள். இங்கிலீஷ் வாத்தியாரும் பி.டி. மாஸ்டரும்கூடத் தூக்கினார்கள். பிளஸ் ஜெயித்தது.

"அப்ப மார்க்கை மாத்திடுங்க சார்" என்றார் சிவநேசன், வெற்றிச் சிரிப்போடு.

"மாத்த மாட்டேன். நீங்க கரண்ட்டுக்கு எலெக்‌ஷன் நடத்துனதப் பரீட்சை போர்டுல போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று பையை எடுத்தேன்.

கரஸ்பாண்டன்ட் முகம் வெளிறிவிட்டது. "யோவ், கையெழுத்தப் போடுய்யா" என்று சிவநேசன் மேல் பாய்ந்தார். போட்டார். கலைவாணி பாஸ். அதற்குப் பிறகு அந்தக் காலேஜ் பக்கம் என்னைக் கூப்பிடவில்லை, எனக்கும் நஷ்டமில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த இரண்டு பேருக்கும் பாடம் தெரியாமல் இல்லை. தெரிந்ததை வைத்து ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். அடி விழுந்தது பிள்ளைகள் மேல். மார்க் போட உட்கார்ந்தால், எதிரே நிற்பது யாருடைய ஸ்டூடன்ட் என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்கிற ஆளுக்கு லேப்பில் வேலையே கிடையாது.