ஓடையில் பறித்த ஊற்று

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. அந்த மே மாதம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும், மலையில் போய் இரண்டு நாள் தங்கலாம் என்று வீட்டில் நச்சரித்தது நான்தான். கணவரோ சின்னசேலம் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தையும் மோட்டார் கொட்டகையையும் விட்டு நகராதவர். என் தொல்லை தாங்காமல்தான் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

நாங்கள் இருவர், எட்டு வயது மகள். கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு இருந்தன. ஒன்றை அவர் தூக்கினார், மற்றதை நான். அரை மைல் நடப்பதற்குள் கை இற்றுப்போய்விட்டது. அவர்கள் முன்னால் போகட்டும் என்று பின்தங்கி, கேனை ஒரு பாறை இடுக்கில் செருகிவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். ஓடைக்குப் பக்கத்தில்தானே தங்கப்போகிறோம், தோண்டினால் ஊற்று வராதா? நான் பிறந்தது திருக்கோவிலூர். பெண்ணையாறு காய்ந்து கிடந்தாலும் மணலில் முழங்கை ஆழம் பறித்தால் குடம் நிறையும். கேனை விட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மணி நேரம் நடந்தோம். முள்ளும் கள்ளியும் சூடேறிய பாறையும்தான். பாதையில் ஓர் ஆள்கூட எதிர்ப்படவில்லை. காய்ந்த ஓடையோரம் ஒரு மரத்தடியில் தார்ப்பாயைக் கட்டினோம். அரிசி களைந்த தண்ணீரை வழக்கம்போல் தூக்குப்போசியில் ஊற்றி மூடி வைத்தேன்.

கணவர் சிரித்தார். "கழுநீர யாருக்கு எடுத்து வெக்கிற? மாட்டையும் இட்டாந்திருக்கியா?"

"கை பழக்கம். உங்க வேலையப் பாருங்க."

அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிச் சாப்பிட்டு முடித்தபோது கேன் காலி. நான் கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கினேன். ஒரு சாண் மணல், அதற்குக் கீழே பாறை. தள்ளிப்போய்த் தோண்டினேன். அங்கேயும் பாறை. கணவரும் வந்து தோண்டினார். அஞ்சாறு இடம் பார்த்தாயிற்று. ஈரம்கூட இல்லை.

"யம்மா, தல வலிக்குது. தண்ணி குடும்மா."

மகளின் முகம் சிவந்து, உதடு வெடித்திருந்தது. என் பயம் அப்படியே கோபமாகி அவர்மேல் பாய்ந்தது.

"கொழந்தைய இட்டாந்தா எவ்ளோ தண்ணி வேணும்னு தெரியாதா? இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?"

அவர் தார்ப்பாயை அவிழ்த்தார். அப்போதுதான் தூக்குப்போசி கண்ணில் பட்டது. கழுநீரை என் முந்தானையில் வடிகட்டி மகளுக்குக் கொடுத்தேன். "நாத்தம்மா" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே பாதியைக் குடித்தாள். மீதியை வழியில் மடக்கு மடக்காகக் கொடுத்தோம். நாங்கள் நாக்கை நனைக்கவில்லை.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வந்த வழியே முன்னால் நடந்தார். நான் பின்னால் திட்டிக்கொண்டே வந்தேன். வாய் வறண்டும் அது மட்டும் நிற்கவில்லை. பாறை இடுக்கு நெருங்க நெருங்கத்தான் குரல் இறங்கியது. எப்படி எடுப்பது, என்னவென்று சொல்வது?

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் அந்த இடத்தில் நின்றார். மகளை இறக்கிவிட்டு, குனிந்து, இடுக்கில் கையை விட்டுக் கேனை எடுத்தார். தேடக்கூட இல்லை. மகள் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். தண்ணீர் அவள் கழுத்தெல்லாம் வழிந்தது. பிறகு கேனை என் பக்கம் நீட்டினார்.

"நான் வெச்சத பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா? நாள் பூரா என்கிட்ட திட்டு வாங்கிக்கினு வர்றீங்களே!"

அவர் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாத்த சொல்றது? ஊத்து வரும்னுதான் நானும் நெனச்சேன்."