என் வலைப்பூவுக்கு நான் வைத்த வாசல் ரிஜிஸ்டர்

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். எண்ணும் முத்திரையும் இல்லாமல் ஒரு தாள்கூட எங்கள் கட்டடத்துக்குள் நடமாடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. கழிவறைச் சுவரில் இருக்கும் 'குழாயை மூடவும்' கூட நான் எண் போட்டு ஒட்டிய தாள்தான். இப்படிப்பட்டவள் வலைப்பூ ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யாராவது முன்னாடியே யோசித்து என் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். ஒருவரும் தடுக்கவில்லை.

எழுதியது ஒன்றும் பெரிய இலக்கியம் இல்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு நடக்கும் சண்டை. கேன்டீன் சாம்பார் திங்கட்கிழமை ஒரு நிறமாகவும் வியாழக்கிழமை வேறு நிறமாகவும் இருப்பது. ராயக்கோட்டை சந்தையில் தக்காளி விலையில்லாமல் சீரழியும் வாரத்தில் மட்டும் எங்கள் ரசத்தில் தக்காளி தென்படுவது. இவ்வளவுதான். ஆனால் படிக்க ஆள் வந்தது. இன்று முப்பத்தொரு பேர் வந்தார்கள் என்று எண்ணிக்கை காட்டும். யார் அந்த முப்பத்தொரு பேர் என்று மட்டும் காட்டாது. அது என்னை அரித்தது. வாசகரை அறியும் ஆவல் என்று நாகரிகமாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது ஊர்வம்பு ஆசை, வேறொன்றும் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். எங்கள் தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி நீட்டும் ரிஜிஸ்டரை அப்படியே படிவமாக்கி வலைப்பூவின் முகப்பில் வைத்தேன். பெயர், டோக்கன் எண், பிரிவு, போன் நம்பர், எங்கிருந்து வருகிறீர்கள், வந்த நோக்கம், கையில் கொண்டுவந்த பொருட்கள், உள்ளே வந்த நேரம், வெளியேறிய நேரம். நிரப்பினால்தான் உள்ளே போய்ப் படிக்கலாம்.

வேறு ஊராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் ஊரில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. சிப்காட்காரர்களுக்கு ரிஜிஸ்டரைப் பார்த்தால் கை தானாகப் பேனாவைத் தேடும். அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையத்திலிருந்து வந்தவர், 'எங்கிருந்து' என்ற இடத்தில் 'சிக்னல் கிடைக்கும் பாறை மேலிருந்து' என்று எழுதினார். ஒருவர் 'கொண்டுவந்த பொருட்கள்: டிபன் பாக்ஸ் ஒன்று, காலி' என்றார். 'வந்த நோக்கம்: மேடத்தைப் பார்க்க. மேடம் இல்லை' என்று ஒன்று. பெயின்ட் ஷாப்காரர் ஒருவர் வெளியேறிய நேரத்தைப் போட மறந்துவிட்டு, மூன்று நாளாக உள்ளேயே இருப்பதாகப் பதிவாகிவிட்டதே என்று நேரில் வந்து வருத்தப்பட்டார். நானே கையெழுத்துப் போட்டு அவரை வெளியே அனுப்பிவைத்தேன்.

அத்தோடு நின்றிருந்தால் நல்லவள். எங்கள் ரிசப்ஷன் டிவியில் அன்றைய விருந்தினர் பெயர்களைப் போட்டு வரவேற்பார்களே, அதேபோல் வலைப்பூவின் ஓரத்தில் 'இன்றைய வருகையாளர்கள்' என்று எல்லா விவரத்தையும் ஓடவிட்டேன். மரியாதை செய்வதாக நினைப்பு.

தனியுரிமை அறிவிப்பு ஒன்று இருக்க வேண்டும் என்று வலைப்பூ நடத்தும் இடத்தில் சொல்லியிருந்தது. வெளிநாட்டுச் செருப்புக் கடை ஒன்றின் அறிவிப்பை எடுத்து, இயந்திரத்திடம் கொடுத்துத் தமிழாக்கி, 'கடை' என்று வந்த இடங்களில் 'வலைப்பூ' என்று மாற்றி ஒட்டினேன். 'உங்கள் விவரங்களை யாருக்கும் தரமாட்டோம்' என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. அதே பக்கத்தின் ஓரத்தில்தான் எல்லோருடைய விவரமும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உறைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அன்றைய பட்டியலைப் படித்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். மெயின்டனன்ஸ் பிரிவில் ஃபிட்டராக இருக்கும் கல்லாவி ஊர்க்காரர் பெயர் வந்தது. எங்கிருந்து: 'அத்திப்பள்ளி தாண்டி ஒரு கம்பெனி, ரிசப்ஷன் சோபா.' வந்த நோக்கம்: 'இன்டர்வியூ. கூப்பிட லேட்டாகுமாம்.' கொண்டுவந்த பொருட்கள்: 'சர்டிபிகேட் ஃபைல் ஒன்று, குடை ஒன்று.'

அன்று அவர் வயிற்றுப்போக்கு என்று லீவு சொல்லியிருந்தார். அந்த மாதம்தான் அவருக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். பொய் லீவில் வேறு கம்பெனி ஏறி இறங்கியது தெரிந்தால் நிரந்தரம் போகும், இருக்கிற வேலையும் போகும். பஸ் நகர எல்லையைத் தாண்டுவதற்குள் பட்டியலை மறைத்துவிட்டேன். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடியிருக்கிறதே, எத்தனை கண் பார்த்ததோ.

திங்கட்கிழமை ஷிப்ட் ஆரம்பிக்கும் முன்பே அவர் என் மேஜை முன்னால் நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நீங்க கேட்டீங்க, எழுதிட்டங்க்கா" என்றார். "இப்ப ரெண்டு எடமும் போயிடும் போலிருக்குது. அங்க ஆள் எடுத்தாச்சுன்னு சொல்லிட்டாங்க."

உண்மைதான், கேட்டது நான். எனக்குக் கூசியது.

பத்து மணிக்கு மனிதவளப் பிரிவு அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரர். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், யாரைப் பற்றி என்று சரியாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை யார் யார் வலைப்பூவுக்கு வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று ஒரு பிரிண்ட் வேண்டும் என்றார். ஃபிட்டர் அதே நேரம் என் அறைக்கு வெளியே ஏசியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரே திருகாணியை நெடுநேரம் கழற்றினார்.

தரக் கூடாது சார், பாலிசி இருக்கிறது என்றேன். காட்டுங்கள் என்றார். செருப்புக் கடை அறிவிப்பை அச்செடுத்தேன். கை பழக்கத்தில் ஓர் எண் போட்டு, இதுவரை திருத்தம் பூஜ்யம் என்று எழுதி, தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் மூன்று இடத்திலும் நானே கையெழுத்திட்டு, 'கண்ட்ரோல்டு காப்பி' என்று சிவப்பு முத்திரையைக் குத்தி நீட்டினேன். சிவப்பு முத்திரையைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் கம்பெனியில் ஆளை மீறலாம், முத்திரையை மீற முடியாது.

வரி வரியாகப் படித்தார். 'தங்கள் பாத அளவை மூன்று வருடம் பத்திரமாக வைத்திருப்போம்' என்ற இடத்தில் நின்றார். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"ஷூ சைஸ் எல்லாருதும் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் வேலைக்குச் சேர்ந்தால் சேஃப்டி ஷூவுக்கு முதலில் கேட்பது அதைத்தான். இன்னும் இல்லை சார் என்றேன். சீக்கிரம் வாங்கிவிடுங்கள், ஆடிட்டில் கேட்பார்கள் என்று அறிவுரை சொன்னார்.

அப்படியும் விடவில்லை. கம்பெனி கேட்கலாமே என்றார். கேட்கலாம், அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது என்று சொல்லி அதையும் அங்கேயே உருவாக்கினேன். பெயர், பிரிவு, எல்லாவற்றையும் நிரப்பினார். பாத அளவு எட்டு என்றும் எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. அதற்குக் கீழே பிளான்ட் ஹெட் கையெழுத்து என்று இருந்தது. கேன்டீன் பேச்சை நம்பி ஒரு வலைப்பூவை விசாரிக்கிறேன் என்று பிளான்ட் ஹெட்டிடம் எப்படி எழுதிக் கொண்டுபோவது? அப்புறம் பார்க்கலாம் என்று எழுந்து போனார். வெளியே திருகாணி ஒருவழியாகக் கழன்று விழுந்தது.

அதிகாரியின் தலை மறைந்ததும் மொத்தப் பட்டியலையும் அழித்தேன். பாறை, காலி டிபன் பாக்ஸ், குடை எல்லாம் போயிற்று. படிவத்தையும் எடுத்துவிட்டேன். எண்ணிக்கை காட்டுவதையும் நிறுத்திவிட்டேன். அறிவிப்புப் பக்கத்தில் இப்போது ஒரே வரி இருக்கிறது: 'நீங்கள் யார் என்று கேட்கமாட்டேன்.' எழுதும்போதே எரிச்சலாக இருந்தது.

ஃபிட்டருக்கு வேலை நிரந்தரமானது. பிறகு முறையாக நோட்டீஸ் கொடுத்து, லட்டு கொடுத்து, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கமே வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டார். இப்போதும் என் வலைப்பூவைப் படிக்கிறாரா என்று தெரியாது. தெரிந்துகொள்ள மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும். பட்டியலோடு அவர் நம்பரையும் அழித்துவிட்டேன்தான். ஆனால் எண்களோடே பிழைக்கிறவள், பத்து இலக்கமும் மனப்பாடமாகிவிட்டது. ஆறு இலக்கம் வரை அழுத்திவிட்டு, அது அவர் எனக்குக் கொடுத்ததில்லை, நான் கேட்டதால் எழுதியது என்று போனைக் கீழே வைத்திருக்கிறேன், இதுவரை நான்கு முறை.