ஃபோர்மேன் லக்ஷ்மிநாராயணனின் இரண்டு காதுகள்

"இந்தக் காதுக்கு மேல ஒரு மெஷின் இனிமேல்தான் பொறக்கணும். பொறந்தாலும் அதை என் காதுகிட்ட அண்ட விடமாட்டேன்!"

2008-ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, பூனாவின் கசார்வாடித் தொழிற்சாலை ஒன்றின் கான்டீனில், ஒரு கையில் சால்வையும் மறு கையில் தேங்காயுமாக நின்றபடி பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேன் லக்ஷ்மிநாராயணன் இப்படிப் பிரகடனம் செய்தார். பணி ஓய்வு விழா. உரை ஹிந்தியில் ஆரம்பித்து, மராட்டியில் சூடேறி, உணர்ச்சி மிகுந்த இடத்தில் தமிழில் முடிந்தது. பலத்த கைதட்டல் தமிழ்ப் பகுதிக்குத்தான் கிடைத்தது. அங்கே இருந்த யாருக்கும் புரியாத பகுதியும் அதுதான்.

பிரகடனத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஓடும் இயந்திரத்தின் மேல் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளே சுழலும் பேரிங்கின், அதாவது அந்த இரும்புக் குண்டு வளையத்தின், வயது, உடல்நிலை, மிச்சமுள்ள ஆயுள் எல்லாம் சொல்லிவிடுவார். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து அதிர்வு அளக்கும் கருவி ஒன்று பெட்டியும் பஞ்சுமாக வந்து இறங்கியது. தகடு அழுத்தும் மூன்றாம் எண் பிரஸ்ஸைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நலம்" என்று முள்ளை ஆட்டியது. "பதினஞ்சு நாள்" என்றார் லக்ஷ்மிநாராயணன். பன்னிரண்டாம் நாள் பேரிங் தூளாகிவிட்டது. மூன்று நாள் பிசகியதற்காக அவர் வெட்கப்பட்டார் என்பதை வரலாற்றின் பொருட்டுக் குறித்து வைக்க வேண்டும்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1974-இல் பூனாவுக்கு வந்து இறங்கியவர். இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். ஐம்பது வருஷமாக அந்தத் திட்டம் பரிசீலனையில் இருக்கிறது. இங்கே அவரை 'மதராசி அண்ணா' என்பார்கள். ஊருக்குப் போனால் 'பாம்பேக்காரர்' என்பார்கள். இந்த இரண்டும் கெட்டான் நிலையிலிருந்துதான் அரசியலை நடுநிலையாகப் பார்க்க முடியும் என்பது அவர் கட்சி. "தமிழ்நாட்டு அரசியல் புரியறது, ஓட்டு இல்லை. இங்க ஓட்டு இருக்கு, பேசறது பாதி புரியலை. என்னை எவனும் விலைக்கு வாங்க முடியாது பாரு!" என்பார். வாங்க இதுவரை யாரும் வரவில்லை.

அரசியல் தத்துவம் ஒரே வரிதான். நல்ல பேரிங் சத்தம் போடாது. எந்தத் தலைவன் கத்துகிறானோ அவனுக்கு உள்ளே குண்டு தேய்ந்துவிட்டது. கிரீஸ் வைத்துப் பயனில்லை, கழற்றி மாற்ற வேண்டியதுதான். இந்த அளவுகோலின்படி தேசத்தில் மாற்ற வேண்டிய உதிரி பாகங்களின் பட்டியல் நீளமாக இருந்தது.

தொழில்நுட்பம் பற்றிய கொள்கை அதைவிடச் சுருக்கம். ஸ்க்ரூடிரைவர் போட்டுத் திறக்க முடியாதது கருவியே அல்ல. அது ஒரு நம்பிக்கை. கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு ஸ்க்ரூ கூட வெளியே தெரியாது. "இது மெஷின் இல்லை, சாமி. கும்பிடலாம், ரிப்பேர் பண்ண முடியாது" என்று மேஜைமேல் வைத்துவிடுவார்.

தொலைக்காட்சிக்கு வருவோம். இங்கேதான் அவர் குரல் தழைந்து, கண் கொஞ்சம் எங்கேயோ போகும். அரசாங்கம் தன் மக்களிடம் நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்டது ஒரே ஒரு இடத்தில்தான் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. படம் நின்றுபோனால் தூர்தர்ஷனில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று ஒரு அட்டை போடுவார்களே, அதில். "இப்ப நானூறு சேனல் இருக்கு. ஒருத்தனாவது வருந்தறானா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எந்தச் சேனலும் முன்வரவில்லை.

அந்தக் காலத்தில் ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு மாநில மொழிப் படம் போடுவார்கள். ஆங்கில அகர வரிசைப்படி மொழிகள் வரும். அஸ்ஸாமியரும் வங்காளியரும் பந்தியில் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனபின், கடைசி வரிசையில் தமிழுக்கு இலை விழும். ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒரு படம். கசார்வாடி, தாபோடி, கட்கி சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழ் ஞாயிறு எது என்று கணித்துச் சொல்லும் பொறுப்பு லக்ஷ்மிநாராயணனுடையது. டிவி இருந்ததும் அவர் வீட்டில்தான். மற்ற மொழி ஞாயிறுகளில் அவர் ஓவர்டைம் பார்ப்பார்; பெட்டி உறை போட்டுக்கொண்டு தூங்கும்.

1988-இல் அந்தப் பேரிடர் நிகழ்ந்தது. நடுவில் ஒரு ஞாயிறைக் கிரிக்கெட் விழுங்கியது. இன்னொரு ஞாயிறு யாரோ பெரியவர் காலமாகி, நாள் முழுக்க ஷெனாய் வாசித்தார்கள். முறை தவறியவன் தவறியவன்தான், ரேஷன் கடை வரிசை போல அடுத்தவனுக்குப் போய்விடும் என்று லக்ஷ்மிநாராயணன் கணக்கிட்டார். தூர்தர்ஷன் ரேஷன் கடையைவிட நியாயமானது என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. விட்ட மொழிகளுக்கெல்லாம் முறையாக இடம் கொடுத்துக்கொண்டு வந்தது.

அவர் குறித்துக் கொடுத்த ஞாயிறன்று முப்பது பேர் வந்துவிட்டார்கள். புளியோதரையும் வடாமும் வந்துவிட்டன. ஒன்றே காலுக்குக் காது கேளாதோருக்கான செய்தி. ஒரு பெண்மணி கைவிரல்களாலேயே தேசத்தைச் சுற்றிக் காட்டினார். முப்பது பேரும் வாயைத் திறக்காமல் பார்த்தார்கள். உலகத்திலேயே நம்பத்தகுந்த ஒரே செய்தி அதுதான் என்று அவர் இன்றைக்கும் சொல்வார். கத்தி என்ன பிரயோஜனம் என்று தெரிந்தவர்கள் வாசித்த செய்தி.

ஒன்றரைக்குப் படம் தொடங்கியது. ஒரியா.

யாரும் எழுந்து போகவில்லை. புளியோதரை இன்னும் பரிமாறியிருக்கவில்லை என்பதும் ஒரு காரணம். அந்த நேரம் பார்த்து மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டியிருந்த கயிறு அறுந்தது. ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் சிங்கட் மலைப் பக்கம் பார்த்து நிற்க வேண்டிய ஆன்டெனா காற்றில் பம்பாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. லக்ஷ்மிநாராயணன் மாடிக்கு ஓடிக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"வந்துதா?" என்று மேலிருந்து கத்தினார்.

கீழே, மூன்று மாடி தள்ளி, முப்பது பேர் கூச்சலுக்கு நடுவிலிருந்து அவர் மனைவி சரசா கத்தவே இல்லை. சாதாரணமாகச் சொன்னாள். "வந்துடுத்து."

அவருக்குக் கேட்டது. கம்பத்தை விட்டால் படம் போய்விடும் என்பதால் இரண்டு மணி நேரம் அப்படியே நின்றார். கீழே சரசா, படத்தில் வந்த தபால்காரன், அவன் மாமியார், ஓர் எருமை ஆகிய எல்லோருக்கும் தானே தமிழில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை ஒரியா தெரியாது. வீடு சிரிப்பில் அதிர்ந்தது. மாடிப்படி வழியாக ஒவ்வொரு வசனமும் ஏறி வந்தது. படத்தைப் பார்க்காமல் அவர் முழுக்கக் கேட்டார். முடிவை மட்டும் கேட்க முடியவில்லை. பக்கத்துக் கோவிலில் மேளம் அடித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் பாத்திரம் தேய்த்தபடி சரசா முடிவைச் சொன்னாள். அடுத்த வருஷம் கேட்டபோது வேறு முடிவு சொன்னாள். அதற்கப்புறம் வருஷத்துக்கு இரண்டு தரமாவது கேட்பார். ஒருமுறை சொன்ன முடிவை அவள் இன்னொரு முறை சொன்னதில்லை.

இப்போது பூனா விமான நிலையத்தை ஒட்டிய விமான் நகரில் இரண்டு படுக்கையறை வீடு. கராடியில் ஐடி வேலை பார்க்கும் மகள் ப்ரீதிக்குப் பக்கம் என்று வந்தது. முப்பத்து நான்கு வருஷம் பிரஸ் ஷாப் இரைச்சலில் நின்ற காதுகள், ஓய்வுபெற்ற சில வருஷங்களில் தாமும் ஓய்வுபெற்றுவிட்டன. இதை லக்ஷ்மிநாராயணன் ஏற்கவில்லை. ஜனங்கள் பேசும் தரம் குறைந்துவிட்டது என்பது அவர் கண்டுபிடிப்பு. "எல்லாரும் முழுங்கி முழுங்கிப் பேசறா" என்றார். டிவியின் சத்தத்தைக் கூட்டினார். கீழ் மாடியிலிருந்து குடியிருப்புச் சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் புகார் வந்தது. உடனே சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டு விவாதங்களை ஊமைப் படமாகப் பார்க்கத் தொடங்கினார். எட்டுச் சதுரங்களில் எட்டுப் பேர் வாயைப் பிளந்தார்கள். "இப்பத்தான் நன்னாப் புரியறது" என்றார்.

ப்ரீதி காதுக்கருவி வாங்கி வந்தாள். கடலைப் பருப்பு அளவில் இரண்டு.

"சும்மா போட்டுப் பாருங்கோப்பா. வெளில தெரியவே தெரியாது."

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். "ஸ்க்ரூ எங்க?"

"ஸ்க்ரூவெல்லாம் கிடையாதுப்பா."

"அப்ப இது மெஷின் இல்லை." மேஜை இழுப்பறையில், அந்த நீள ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில், கருவி அடக்கம் செய்யப்பட்டது. ப்ரீதி அம்மாவைப் பார்த்தாள். சரசா உதட்டைப் பிதுக்கினாள்.

சரசாவின் பேச்சும் நாளாவட்டத்தில் சிக்கனமாகிவிட்டது. எதையும் மூன்று தரம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தால் யாருக்குத்தான் நீளமாகப் பேசத் தோன்றும்? "சாப்பாடு." "மாத்திரை." "வாசல்ல யாரோ." தந்தி மாதிரி. லக்ஷ்மிநாராயணன் இதைப் பெரிய முன்னேற்றமாகக் கருதினார். நாற்பத்தெட்டு வருஷ இல்லறத்தில் நிர்வாகம் இவ்வளவு திறமையாக நடந்ததில்லை என்று ப்ரீதியிடம் பெருமையாகவே சொன்னார்.

போன ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பின், எதிர்வீட்டு வைஜயந்தி வந்திருந்தாள். சரசாவும் அவளும் சோபாவில். இவர் நாற்காலியில் சாய்ந்து ஊமை டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தற்செயலாகத் திரும்பினார்.

சரசா பேசிக்கொண்டிருந்தாள். அவர் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்த வேகத்தில், நிறுத்தாமல், தமிழும் ஹிந்தியும் மராட்டியுமாக உதடு ஓடியது. கைகள் காற்றில் ஏதோ கம்பத்தைக் கட்டிப் பிடித்தன. பிறகு ஒரு கை தலைக்குமேல் கொம்பு வைத்தது. எருமை! வைஜயந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்தபடி இவரைப் பார்த்து இன்னும் சிரித்தாள்.

அவருக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணி என்ன என்று சுவரைப் பார்த்தார். ஒன்றே கால். காது கேளாதோருக்கான செய்தி நேரம்.

"என்ன சொல்றே?" என்றார்.

சரசா திரும்பினாள். ஒரு கணம் வாயெடுத்தாள். அப்புறம் கையை ஆட்டி, அவருக்குப் புரியும்படி உதட்டை அகலமாக்கிச் சொன்னாள்.

"ஒண்ணு-மில்லை."

எட்டுச் சதுரக்காரர்கள் டிவியில் தொடர்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், ஆனால் பார்க்கவில்லை. இந்த வருஷம் படத்துக்கு என்ன முடிவு வைத்திருப்பாள்?

மறுநாள் காலை, சரசா சமையலறையில் இருந்த நேரத்தில், இழுப்பறை திறந்தது. கருவியை மாட்டுவதற்கு ஃபோர்மேனுக்கு இருபது நிமிஷம் பிடித்தது. முதலில் இடது வலதாகப் போயிற்று. பிறகு ஒன்று நாற்காலிக்கடியில் உருண்டது. கடைசியில் இரண்டும் உட்கார்ந்தன.

முதலில் வந்தது விமான நிலையம். அப்புறம் தண்ணீர் லாரி. குக்கர். எங்கேயோ ஒரு நாய். தன் வேட்டி உரசும் சத்தம்கூட அவருக்குத் திடுக்கென்றது. எல்லாவற்றுக்கும் மேலே, தலைக்கு நேராக, ஏதோ ஒன்று விடாமல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

சரசா அடுப்பைப் பார்த்தபடி, திரும்பாமல், குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"வந்துதா?"

லக்ஷ்மிநாராயணன் இருந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார்.

"வந்துடுத்து."

"வந்துடுத்தோல்லியோ? அப்ப முதல்ல அந்த ஃபேனைப் பாருங்கோ. ரெண்டு வருஷமா என் பிராணனை வாங்கறது. மெக்கானிக்கைக் கூப்பிடலாம்னா, 'நான் இருக்கற வீட்டு ஃபேன் சத்தம் போடாது'ன்னு வைஜயந்திகிட்ட சவால் வேற!"

ஸ்டூல் வந்தது. மின்விசிறி நின்றது. லக்ஷ்மிநாராயணன் நீள ஸ்க்ரூடிரைவருடன் ஏறினார். சரசா சுவிட்சைக் குறைந்த வேகத்தில் போட்டுவிட்டு வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். நுனியை மோட்டார் மேல் வைத்துப் பிடியைக் காதுக்குக் கொண்டுபோனார். பிடி கருவியில் இடித்தது. கருவி 'ய்ங்ங்' என்று விசிலடித்தது.

ஸ்க்ரூடிரைவரையும் கருவியையும் ஒரே காதில் வைக்க முடியாது. ஏதாவது ஒன்றை எடுத்தாக வேண்டும்.

"அந்த ஒரியாப் படம் இருக்கே," என்றாள் சரசா, கீழே, சாதாரணக் குரலில், "நேத்து வைஜயந்திகிட்ட சொல்லும்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த எருமை கடைசில திரும்பி வரது. நான் இத்தனை நாளா உங்ககிட்டத் தப்பாச் சொல்லிண்டிருந்திருக்கேன்..."

லக்ஷ்மிநாராயணன் குனிந்து, ஸ்க்ரூடிரைவரை அவள் கையில் கொடுத்தார்.

"பேரிங் போயிடுத்து," என்றார். "நீ சொல்லு."